சந்தேகம் வந்தால் வேதாகமத்தை மூடி வைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, வீட்டில் எல்லோரும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அன்று கோவிலில் வாசித்ததைப் பற்றிப் பேச்சு வருகிறது. "ஆறு நாளில் உலகம் உண்டானது என்று நீங்கள் இன்னும் நம்புகிறீர்களா, அம்மா? விஞ்ஞானம் வேறு சொல்லுகிறதே" என்கிறான் பையன். சோறு பரிமாறின தாயின் கை அப்படியே நின்றுவிடுகிறது. "பூசைக்குப் போய் வந்த வாயா இது? பேசாமல் சாப்பிடு" என்று தகப்பனார் அதட்டுகிறார். பையன் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறான். அன்று இரவு செபமாலைக்கு அவன் வரவில்லை.

நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளில் நடக்கிற காரியம் இது. தகப்பனார் வேதத்தின்மேல் உள்ள பற்றினால்தான் அதட்டினார். ஆனாலும் பையன் கேட்டது ஒரு கேள்வி. அவனுக்குக் கிடைத்தது ஓர் அதட்டல். நம் வேதத்தில் இதற்கு விடை கிடையாது போலும் என்று அவன் எண்ணிக்கொண்டால் குற்றம் யாருடையது?

சந்தேகம் வாலிபருக்கு மட்டும் வருவதன்று. வருஷக்கணக்காய்ப் பூசை காணும் பெரியவர்களுக்கும் வரும். சுவிசேஷம் வாசிக்கப்படும்போது, "இது உண்மையில் நடந்ததுதானா?" என்று ஒரு நினைவு மின்னல்போல் வந்து போகும். கைபேசியில் யாரோ அனுப்பின ஒரு நிமிஷப் படம், வேதாகமம் முழுவதும் பிற்காலத்தில் திருத்தப்பட்டது என்று சொல்லும். வெளியே சொல்ல வெட்கம். உள்ளே வைத்துக்கொள்ளப் பயம். கடைசியில் அநேகர் செய்வது என்ன? வேதாகமத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். திறந்தால் சந்தேகம் வரும் என்று திறப்பதேயில்லை. இது சரியான வழியா என்பதே இவ்வாரப் பாடம்.

கேள்வி வேறு, அவிசுவாசம் வேறு

முதலாவது ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் சந்தேகத்தை இருவகையாகப் பிரிக்கிறது. சர்வேசுரன் வெளிப்படுத்தினதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று மனதார மறுப்பது ஒரு வகை. அது பாவம். விசுவசிக்க மனமிருந்தும், எதிர்வாதத்துக்கு விடை தெரியாமல் கலங்குவதும், விசுவாச சத்தியங்கள் புத்திக்கு எட்டாமல் இருப்பதால் தத்தளிப்பதும் மற்றொரு வகை. இது நாம் தேடிக்கொள்ளாமலே வருவது. ஆனால் இதையும் வேண்டுமென்றே வளர்த்துக்கொண்டே போனால் ஆத்துமம் குருடாகிவிடும் என்று அந்நூல் எச்சரிக்கிறது.

வேதாகமமே இதற்குச் சாட்சி. லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் சம்மனசானவர் இருவருக்குச் செய்தி சொல்லுகிறார். சக்கரியாஸ் ஒரு கேள்வி கேட்டார். தேவமாதாவும் ஒரு கேள்வி கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரேவிதக் கேள்விதான். சக்கரியாஸ் தமக்கு அடையாளம் வேண்டுமென்று கேட்டு ஊமையானார். தேவமாதாவோ, இது எப்படி ஆகும் என்று வழியைக் கேட்டு, விடை கிடைத்ததும் தம்மைக் கையளித்தார்கள். ஆகையால் கேள்வி கேட்பது குற்றமன்று. எந்த மனதோடு கேட்கிறோம், கேட்டபின் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

வேதாகமத்தை ஒதுக்கின ஒரு மகன்

இதை நன்றாக விளங்கிக்கொள்ள அர்ச். அகுஸ்தீனுடைய சரித்திரத்தைப் பார்ப்போம். அவரைத் திருச்சபையின் வேதபாரகராக நாம் அறிவோம். ஆனால் அவர் வேதாகமத்தைத் தூக்கி எறிந்த வாலிபராயும் இருந்தார்.

அவர் 354-ம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் தேசத்தில் உள்ள தாகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். தாயார் அர்ச். மோனிக்கம்மாள். பையன் படிப்பில் கெட்டிக்காரன். கார்த்தேஜ் பட்டணத்தில் மேல்படிப்புப் படிக்கையில், 19-வது வயதில், சிசரோ என்னும் உரோமைப் புலவர் எழுதிய நூல் ஒன்றை வாசித்தார். ஞானத்தைத் தேட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. தாயார் ஊட்டி வளர்த்த வேதமாயிற்றே என்று வேதாகமத்தையும் எடுத்துப் பார்த்தார். சிசரோவின் அலங்கார நடைக்கு முன் அது அவருக்கு மிகவும் சாதாரணமாய்ப் பட்டது. படித்தவனுக்கு ஏற்ற நூலன்று என்று மூடி வைத்துவிட்டார்.

மூடினவரைப் பிடித்துக்கொள்ள ஆள் தயாராயிருந்தது. மனிக்கேயர் என்ற கூட்டத்தார் அவரிடம் வந்து கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். மனிதன் தேவ சாயலாகப் படைக்கப்பட்டான் என்றால் சர்வேசுரனுக்கும் மயிரும் நகமும் உண்டா? பல மனைவிகளை வைத்துக்கொண்ட பிதாப்பிதாக்களை நீதிமான்கள் என்று சொல்லலாமா? இவற்றுக்கு அகுஸ்தீனுக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாததால் விடையே இல்லை என்று எண்ணினார். ஒன்பது வருஷம் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இன்று நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். 1600 வருஷத்துக்கு முந்தின சரக்கு புதிய பொட்டலத்தில் வருகிறது, அவ்வளவே.

தாயார் செய்ததும் செய்யாததும்

அர்ச். மோனிக்கம்மாள் முதலில் நம்மில் பலர் செய்வதையே செய்தார்கள். மகன் வேதத்தைப் பழித்துப் பேசுவதைக் கேட்கப் பொறாமல், அவரோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே மேசையில் சாப்பிடவும் மாட்டேன் என்றார்கள். பின்பு ஒரு கனவினால் ஆறுதல் பெற்று, மகனை மறுபடி வீட்டில் சேர்த்துப் பந்தியிலும் உட்காரவைத்தார்கள். தாய்மாரே, இதைக் கவனியுங்கள். மகன் மனம் மாறினது அதற்குப் பல வருஷங்களுக்குப் பிறகு. அவிசுவாசியாய் இருக்கையிலேயே அவருக்குத் தாய்வீட்டில் சாப்பாடு இருந்தது.

மோனிக்கம்மாள் ஒரு மேற்றிராணியாரிடம் போய், என் மகனோடு நீங்கள் பேசி அவன் வாதத்தை முறியடிக்க வேண்டும் என்று மன்றாடினார்கள். அவரோ மறுத்தார். பையன் இப்போது புதுக் கருத்துக்களின் மயக்கத்தில் இருக்கிறான், சொன்னால் ஏறாது. அவனுக்காகச் செபம் மட்டும் செய்துகொண்டிரு. வாசித்து வாசித்து அவனே தன் தவறைக் கண்டுபிடிப்பான் என்றார். அவரும் சிறு வயதில் அதே மனிக்கேயரிடம் விடப்பட்டு, அவர்களுடைய புத்தகங்களைப் படித்தே அவர்களை விட்டு வந்தவராம். தாயார் விடாமல் அழுது கேட்கவே, இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அப்படியே நடந்தது. மனிக்கேயரின் பெரிய ஆசிரியர் பவுஸ்துஸ் என்பவர் வந்தபோது, அகுஸ்தீன் தம் கேள்விகளை அவரிடமும் வைத்தார். அவருக்குப் பேச்சுத்தான் இனிமையாய் இருந்தது; விடை தெரியவில்லை. 384-ல் அகுஸ்தீன் மிலான் நகருக்குப் பேச்சுக்கலை ஆசிரியராகப் போனார். அங்கே மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியார். அவர் பேச்சின் அழகை மட்டும் கேட்டுப் போகலாம் என்றுதான் அகுஸ்தீன் கோவிலுக்குப் போனார். கேட்கக் கேட்க, பொருளும் உள்ளே இறங்கிற்று. பழைய ஏற்பாட்டில் தமக்கு இடறலாய் இருந்த இடங்களை அம்புரோசியார் விளக்கக் கேட்டபோது, அவருக்கு ஓர் உண்மை விளங்கி வெட்கம் உண்டாயிற்று. சர்வேசுரனுக்கு மனித சரீரம் உண்டென்று திருச்சபை போதிக்கவேயில்லை! திருச்சபை சொல்லாததை எதிர்த்து அவர் இத்தனை வருஷம் வாதாடியிருந்தார்.

386-ம் ஆண்டில் ஒருநாள், மிலானில் ஒரு தோட்டத்தில், தம் பாவ வழக்கங்களை விட முடியாமல் அழுதுகொண்டிருந்தார். எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தை பாடுவதுபோல் அயல் வீட்டிலிருந்து குரல் கேட்டது. அர்ச். சின்னப்பருடைய நிருபங்களை எடுத்துத் திறந்தார். உரோமையருக்கு எழுதின நிருபத்தில், சிற்றின்பத்தை விட்டுக் கிறீஸ்துவைத் தரித்துக்கொள்ளும்படி சொல்லும் இடம் கண்ணில் பட்டது. மேலே வாசிக்க வேண்டியிருக்கவில்லை. 387-ல் பாஸ்கு இரவில் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். தாயார் அதே ஆண்டில், கண் குளிரக் கண்டு, மரித்தார்கள்.

அகுஸ்தீன் கைக்கொண்ட விதி

இனி, நம் பையன் கேட்டதற்கு வருவோம். வேதாகமத்தில் ஓரிடம் உண்மைக்கு மாறாகத் தோன்றினால் என்ன செய்வது? அகுஸ்தீன் மேற்றிராணியாரான பிறகு, 405-ம் ஆண்டளவில், வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த அர்ச். எரோணிமுஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தாம் கைக்கொள்ளும் விதியைச் சொல்லுகிறார். அப்படி ஓரிடம் தட்டுப்பட்டால், மூன்றில் ஒன்றுதான் காரணம்: ஏட்டில் பிழை இருக்கலாம், மொழிபெயர்த்தவர் கருத்தைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது எனக்குத்தான் விளங்கவில்லை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

ஒன்று, ஏட்டுப் பிழை. நம் தமிழ் நூல்களுக்கும் இது உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் எத்தனை ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்! ஏட்டில் எழுத்துப் பிழை இருந்தது என்பதால் சிந்தாமணி பொய் நூல் என்று எவரும் சொல்லவில்லை. வேதாகமமும் கையால் எழுதி எழுதி வந்ததுதான். யூதா நாட்டு அரசன் அகசியா பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 22 என்று அரசர் ஆகமம் சொல்லுகிறது. நாளாகமத்தின் எபிரேய ஏட்டிலோ 42 என்று இருக்கிறது. அவன் தகப்பன் 40-வது வயதில் இறந்தான். மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவனாக முடியுமா? படியெழுதினவர் கையில் எண் மாறிற்று என்பதே வேத பண்டிதர் பலரின் கருத்து. இதை மறைக்க வேண்டியதில்லை. நம் விசுவாசம் ஒரு அரசனின் வயதின்மேல் கட்டப்பட்டதன்று.

அப்படியானால் எல்லாமே மாற்றப்பட்டிருக்குமோ? 1947-ல் சாக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில், ஆடு மேய்ப்பவர்கள் மண்சாடிகளில் பழைய தோற்சுருள்களைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று இசையாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் முழுவதும் அடங்கின, ஏறக்குறைய 24 அடி நீளமுள்ள சுருள். கிறீஸ்துநாதர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தினது. அதுவரை கையிலிருந்த முழுமையான எபிரேய ஏடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டிலும் சொற்களிலும் சிறு வேற்றுமைகள் பல உண்டு. ஆனால் நாம் வாசிக்கும் இசையாஸ் அதே இசையாஸ்தான். கைபேசிப் படம் சொல்லும் கதைக்கு இந்தத் தோற்சுருளே பதில்.

இரண்டு, மொழிபெயர்ப்பு. உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் சங்கிலி ஆலயத்தில், மிக்கேலாஞ்சலோ 16-ம் நூற்றாண்டில் செதுக்கின மோயீசன் சிலை இருக்கிறது. அதன் தலையில் இரண்டு கொம்புகள்! காரணம் என்ன? மோயீசன் மலையிலிருந்து இறங்கி வந்தபோது முகம் ஒளி வீசிற்று என்று சொல்லும் இடத்தில் உள்ள எபிரேயச் சொல், கொம்பு என்ற சொல்லோடு வேர் ஒன்றானது. அர்ச். எரோணிமுஸ் கொம்பு என்று பொருள்படும் சொல்லையே போட்டார். தமிழில் கதிர் என்றால் சூரியக் கதிரும் ஆகும், நெற்கதிரும் ஆகும். தமிழ் தெரியாத ஒருவர், சூரியனில் நெல் விளைகிறது என்று எழுதிவிட்டால் எப்படியோ, அப்படி. மூலத்தில் குற்றமில்லை.

ஆண்டவருடைய சகோதரர் என்று சுவிசேஷம் சொல்லுவதைக் காட்டி, தேவமாதாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தனர் என்று சிலர் வாதாடுகிறார்கள். நமக்கு இது விளங்காததா? பெரியப்பா மகனையும் சித்தி மகனையும் நாம் அண்ணன், தம்பி என்றுதானே அழைக்கிறோம்! எபிரேயரும் அவ்வாறே. லோத் என்பவர் அபிரகாமுடைய சகோதரன் மகன். ஆனால் ஆதியாகமத்தில் அவரைச் சகோதரன் என்றே சொல்லியிருக்கிறது.

மூன்று, நமக்கு விளங்காமை. இதுதான் பெரும்பாலும் காரணம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். சூரியன் உண்டாவது நாலாம் நாள். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளும் காலையும் மாலையும் எப்படி வந்தன? அவை நம் நாட்காட்டியின் நாட்கள் அல்ல என்பதை அகுஸ்தீனே கவனித்தார். விஞ்ஞானம் வந்து நெருக்கினதால் திருச்சபை பின்வாங்கிச் சொன்ன சமாதானம் அன்று இது. தொலைநோக்கி உண்டாவதற்கு 1200 வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டது. வானத்தையும் பூமியையும் பற்றி ஒன்றும் அறியாத கிறீஸ்தவன், வேதாகமம் இப்படிச் சொல்லுகிறது என்று அவிசுவாசிகள் முன் உளறினால், அவர்கள் மோட்சத்தைப் பற்றி அது சொல்லுவதையும் நம்பமாட்டார்களே என்று அவர் வருத்தத்தோடு எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கையை நம்மவர்களே மறந்ததும் உண்டு. 1633-ல் கலிலேயோவைக் குற்றவாளியாகத் தீர்த்தது அப்படிப்பட்ட மறதிதான். அன்றைய வேதசாஸ்திரிகள் தவறினார்கள் என்பதை 1992-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் இதைக் கேட்டால் நாமும் மழுப்ப வேண்டாம்.

வேதாகமம் ஒரே புத்தகமாய்க் கட்டப்பட்டிருந்தாலும் அதில் சரித்திரம் உண்டு, பாட்டு உண்டு, சட்டம் உண்டு, உவமை உண்டு, கடிதம் உண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் வகைப்படி வாசிக்க வேண்டும். கோபத்தில் இரத்தம் கொதிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எவரும் வெப்பமானியைக் கொண்டுவருவதில்லை. 1943-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், வேதாகம ஆசிரியர்கள் எந்தவித எழுத்து முறையில் எழுதினார்கள் என்பதைக் கண்டு விளக்கும்படி பண்டிதர்களுக்குக் கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டு நவம்பர் 18-ம் நாள் வெளியிட்ட சாசனம், நம் இரட்சணியத்துக்காகச் சர்வேசுரன் எழுதுவிக்கச் சித்தமான சத்தியத்தை வேதாகமம் தவறின்றிப் போதிக்கிறது என்று அறிக்கையிட்டது. ஆதியாகமத்தின் அந்த அதிகாரம் போதிக்கும் சத்தியம் என்ன? உலகம் தானாய் உண்டானதல்ல, ஒரே சர்வேசுரன் அதை உண்டாக்கினார், உண்டாக்கினது நல்லது, மனிதன் அவர் சாயல். இதை எந்த ஆய்வுக்கூடமும் பொய்யென்று காட்டவில்லை.

விரிந்துகொண்டு போகும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927-ல் எழுதி, 1931-ல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தோன்றினது என்ற கருத்தை வெளியிட்டவர் ஜார்ஜ் லெமேத்ர். பள்ளிக்கூடத்தில் இன்று பெருவெடிப்பு என்று படிக்கிறார்களே, அதற்கு வித்திட்டவர். அவர் பெல்ஜியம் தேசத்துக் கத்தோலிக்கக் குருவானவர்! வேதாகமத்தை விஞ்ஞானப் பாடப் புத்தகமாக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். உங்கள் மகனுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் கேள்விக்கு அதட்டலைவிட நல்ல விடை அது.

இத்தனையும் சொன்ன பிறகும் விளங்காத இடங்கள் சில இருக்கும். அகுஸ்தீனுக்கும் இருந்தன. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகையில் இசையாஸ் ஆகமத்தை வாசிக்கும்படி அம்புரோசியார் சொன்னார். தொடக்கமே விளங்காமல், பயிற்சி வந்தபின் பார்ப்போம் என்று அகுஸ்தீன் அதைத் தள்ளிவைத்தார். பின்னாளில் குருப்பட்டம் பெற்றவுடனும், வேதாகமத்தைப் படிக்கத் தமக்கு அவகாசம் வேண்டுமென்று தம் மேற்றிராணியாரிடம் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்லுகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லுவதில் பெற்றோருக்கு என்ன குறைவு?

துக்கத்தில் பிறக்கும் சந்தேகம்

இதுவரை சொன்னது புத்தியில் பிறக்கும் சந்தேகம். இன்னொன்று உண்டு. அது இருதயத்தில் பிறப்பது, அதுவே கடினமானது. ஒரு தாய் தன் குழந்தைக்காக வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள், இரவும் பகலும் செபித்தாள், குழந்தை இறந்துபோயிற்று. கேட்டால் கொடுப்பார் என்று சுவிசேஷத்தில் சொன்னது என் வீட்டுக்கு மட்டும் இல்லையா என்று அவள் கேட்டால், சாக்கடல் சுருளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அவளுக்கு நாம் விடை சொல்லப் போக வேண்டாம். யோபு ஆகமத்தை நினையுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு வாயைத் திறந்து, நீ பாவம் செய்ததால்தான் இது வந்தது என்று சர்வேசுரனுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் சர்வேசுரன் யார்மேல் கோபித்துக்கொண்டார்? முறையிட்டு அழுத யோபுவின்மேல் அல்ல. தமக்காகப் பரிந்து பேசின அந்தச் சிநேகிதர்மேல். யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாய்ப் பேசினார் என்றார். சங்கீதங்களில் எத்தனை, ஆண்டவரே எதற்காக, எதுவரைக்கும் என்ற கூக்குரல்கள்! நம் ஆண்டவர் தாமே சிலுவையில் தொங்கும்போது, கைவிடப்பட்டவனின் சங்கீதத்தைத்தான் வாயில் எடுத்தார். வேதாகமம் அழுகிறவர்களை வெளியே நிறுத்தும் புத்தகம் அன்று. அழுகைக்கு வார்த்தை இல்லாதவர்களுக்கு அது வார்த்தை கொடுக்கும்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில், வலிப்பு நோய் கண்ட மகனைக் கொண்டுவந்த தகப்பனைப் பாருங்கள். விசுவாசம் உண்டு என்கிறான். அதே மூச்சில், தன் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும்படி அழுகிறான். முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று ஆண்டவர் அவனை அனுப்பிவிடவில்லை. பையனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். பாதி விசுவாசத்தோடு வருகிறவனும் வரலாம், வருவதுதான் முக்கியம்.

நம் நாட்டுக்கு வந்து மயிலையில் வேதசாட்சியாய் மரித்தார் என்று நம் முன்னோர் வழிவழியாய்க் கொண்டாடும் அர்ச். தோமையாரும் அப்படியே. உத்தானத் திருநாள் மாலையில் அவர் மற்றவர்களோடு இல்லை. கண்டாலொழிய நம்பேன் என்றார். ஆனால் எட்டு நாள் கழித்து எங்கே இருந்தார்? அதே வீட்டில், அதே பத்துப் பேரோடு. அவர்கள் அவரைத் தள்ளிவைக்கவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. சந்தேகத்தோடு கூடவே இருந்தார்; ஆகையால் ஆண்டவர் வந்தபோது அவரும் அங்கே இருந்தார்.

பிரிய கிறீஸ்தவர்களே, பாடம் முழுவதும் இதுதான். சந்தேகம் நம்மைக் கெடுப்பதில்லை. சந்தேகத்தோடு தனியே போய்விடுவதுதான் கெடுக்கிறது. சந்தேகத்தோடு வேதாகமத்துக்கும், திருச்சபைக்கும், வீட்டுப் பந்திக்கும் வருகிறவனுக்கு அதுவே விசுவாசத்தின் வாசலாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிள்ளைகள் கேட்கும் கேள்வியை முழுதும் கேளுங்கள். அதட்டவும் வேண்டாம்; தெரியாததற்கு விடை கற்பிக்கவும் வேண்டாம்.

2. இரவு செபமாலைக்குப் பின் பத்து நிமிஷம் வேதாகமம் வாசியுங்கள். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் தொடங்குங்கள்; 16 அதிகாரமே உள்ளது. கடினமான ஆகமங்களைப் பின்பு பார்க்கலாம்.

3. விளங்காத இடத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏட்டுப் பிழையா, மொழியா, நமக்கு விளங்காமையா என்று யோசியுங்கள். பின்பு அதைப் பங்குச் சுவாமியாரிடமோ ஞானோபதேச ஆசிரியரிடமோ கொண்டுபோங்கள்.

4. துக்கமுள்ள வீட்டுக்குப் போனால் நியாயம் பேச வேண்டாம். கூட உட்கார்ந்திருங்கள்.

5. வேதத்தை விட்டு விலகின மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்காக நாள்தோறும் செபியுங்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு இலை எப்போதும் இருக்கட்டும். மோனிக்கம்மாள் ஏறக்குறைய 13 வருஷம் காத்திருந்தார்கள்.

2019-ல் பாப்பரசர் பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றைத் தேவ வார்த்தையின் ஞாயிறாக ஏற்படுத்தினார். அந்த ஒரு நாளில் மட்டும் திறந்து, மறுநாள் மூடிவிடாதிருப்போம்.

முடிவாக ஒன்று. 430-ம் ஆண்டில், பகைவர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருக்கையில், 75 வயதான அகுஸ்தீன் காய்ச்சலாய்ப் படுக்கையில் கிடந்தார். தாவீது அரசரின் தவச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் விட்டார். 19 வயதில், படித்தவனுக்கு ஏற்றதல்ல என்று அவர் மூடின புத்தகம், மரண நேரத்தில் அவர் கண்முன் திறந்திருந்தது. நம் வீடுகளிலும் அது திறந்தே இருக்க ஆண்டவர் அருள்புரிவாராக.

குடும்பத்தில் கேட்டுப் பேச:

தேவமாதா கேட்ட கேள்விக்கும் சக்கரியாஸ் கேட்ட கேள்விக்கும் வித்தியாசம் என்ன?

அர்ச். அகுஸ்தீன் சொன்ன மூன்று காரணங்கள் எவை?

தோமையார் எட்டு நாள் கழித்து எங்கே இருந்தார்? நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நாம் அவரை எப்படி நடத்துகிறோம்?